மாடியில் புளித்த ஆப்பிள்

செங்கம் சாலையிலிருந்து பிரியும் சந்தில் எங்கள் வீடு. மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறோம். இப்போது இருப்பவர் இங்கிலாந்தில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த குடும்பத்துப் பெண்மணி. என்னைவிட மூத்தவர். பல வருடங்களாக இங்கேயே இருப்பதால் நம் பேச்சு நன்றாகவே வரும். சொந்த ஊர் ஞாபகம் வந்தால் சிம்லா ஆப்பிளைப் பிழிந்து, வெல்லமும் கடும் டீயும் சேர்த்து ஜாடியில் புளிக்க வைப்பார். சைடர் என்பார். கூழ் புளிப்பதைப் போல ஏதோ என்று நினைத்து, ஒரு பாட்டிலுக்கு எங்கள் ஃப்ரிட்ஜில் இடம் கொடுத்திருந்தேன்.

போன பௌர்ணமியன்று, கல்லூரியில் படிக்கும் என் மகள் விரதமிருந்து விடியற்காலையிலேயே கிரிவலம் போனாள். விரதத்தில் பழமும் பாலும் மட்டும்தான் என்பது எங்கள் வீட்டு வழக்கம். வெயில் ஏறிய பிறகு வெறும் வயிற்றோடு திரும்பியவள், அந்தப் பாட்டிலைத் திறந்து இரண்டு டம்ளர் குடித்துவிட்டாள். நான் பார்த்தபோது சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஆப்பிள் பழம்தானேம்மா. ஆனா காலு எங்க போச்சுன்னே தெரியல."

வாடை என் மூக்கில் ஏறியது. வீட்டில் தயாரித்த சரக்கு என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் செத்துப்போனவர்களும் கண் போனவர்களும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். நான் போட்ட சத்தத்தில் மாடிக்காரர் ஓடி வந்தார். டம்ளரை முகர்ந்தார்.

"இது காய்ச்சுனது இல்லம்மா. புளிச்சது. பயப்படாதீங்க" என்றவர், பாட்டிலில் மிஞ்சியிருந்ததில் பாதியை என் கண்ணெதிரே குடித்தார். அப்போதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, மகளை ஆட்டோவில் ஏற்றினோம்.

நான் அழாமல் இருப்பதற்காகவோ என்னவோ, வழியெல்லாம் அவர் தன் அப்பாவின் சைடரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தார். அறுப்புக் காலத்தில் கூலியில் ஒரு பங்கை ஆட்கள் சைடராகவே கேட்பார்களாம். எந்தத் தோட்டத்தில் சைடர் மட்டமோ அங்கே ஆள் வராதாம். வெளியூர்க்காரர்கள் ஜூஸ் என்று நினைத்துக் குடித்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழ முடியாமல் முழிப்பார்களாம்.

"தலை தெளிவா இருக்கும். காலுதான் பேச்சு கேக்காது. எங்கப்பாவோடதை ரெண்டு கிளாஸ் குடிச்சுட்டு நேரா நடந்தவன் எங்கூர்ல யாரும் இல்ல."

அந்தக் குரலில் இருந்த பெருமையை, அவ்வளவு பயத்திலும் என்னால் கவனிக்க முடிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். நாடி பிடித்தார். பாட்டிலையும் முகர்ந்தார். வெறும் வயிற்றில் ஏறிவிட்டது, கஞ்சி கொடுங்கள், தனியாக விடாதீர்கள் என்றார். கடைசியில், "வாசனை அருமையா இருக்குங்க" என்று மாடிக்காரரிடம் சொன்னார். அவர் வெட்கப்பட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் தூங்கியதும், என் பெண்ணின் உடம்புக்குள் போனது என்னதான் என்று பார்க்க, பாட்டிலின் அடியில் கிடந்ததை நாக்கில் வைத்தேன். முதலில் ஆப்பிள். பிறகு டீயின் துவர்ப்பு. அதற்கும் பிறகு தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு ஒரு சூடு, அவசரமே இல்லாமல் இறங்கியது. எங்கள் ஊர் வெயிலில் சும்மா கிடந்த பழச்சாற்றுக்கு இவ்வளவு பலமா என்று ஆச்சரியமாக இருந்தது. கெட்ட பொருள் இப்படி ருசிக்காது என்று ஒரு தைரியமும் வந்தது.

ஆனாலும் அவளை எழுப்பி எழுப்பிப் பார்த்தேன். சாயங்காலம் தானாகவே கண் விழித்தாள்.

"கண்ணு தெரியுதாடி?"

"உன் அழுமூஞ்சி நல்லாவே தெரியுது. பசிக்குதும்மா."

கஞ்சியை ஆற்றும்போது பாதியைக் கீழே சிந்திவிட்டேன். மீதியை அவளே வாங்கிக் குடித்தாள்.