அக்கரையில் கத்தும் ஆட்காட்டி

வெருகல் ஆற்றில் தோணி கட்டியபடியே கிடக்கிறது. அக்கரைப் பற்றையோரம் ஆட்காட்டிக் குருவி ஒன்று ஓயாமல் கத்துகிறது. அது அடங்கும்வரை இங்கே தோணியை அவிழ்க்கமாட்டார்கள். பற்றைக்குள் சுடுவதற்குத் துவக்கோடு யாரும் பதுங்கியிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு பெண், காய்ச்சலில் துவளும் குழந்தையோடு தோணிக்காரரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவர் என்னிடம் வருகிறார். குருவி பார்க்கிறவன் என்று சற்றுமுன் நானே அவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

"தம்பி, இது மனிசருக்குக் கத்துதோ, மாட்டுக்குக் கத்துதோ?"

சோதனைச்சாவடிக்குப் பயந்து தொலைநோக்கியை வீட்டிலேயே விட்டு வந்திருக்கிறேன். கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன். ஆள் வந்தால் ஆட்காட்டி மேலே எழும்பி வட்டமிட்டுக் கத்தும். இதுவோ நிலத்தில் நின்று, சிறகை விரித்து எதையோ மறிக்கிறது. முட்டையை மிதிக்க வரும் மாட்டைத்தான் அப்படி மறிக்கும்.

"மாடுதான்" என்கிறேன்.

"வடிவா, நிச்சயமாத் தெரியுமோ?"

"ஓம்."

காத்திருந்த எல்லோரையும் ஏற்றிக்கொண்டு தோணி புறப்படுகிறது. நடு ஆற்றுக்கு வந்துவிட்டோம். அப்போது குருவி எழும்பி, பற்றைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தத் தொடங்குகிறது. தோணிக்காரர் கோலை நீருக்குள்ளேயே ஊன்றி நிறுத்துகிறார்.

ஒருவரும் குருவியைப் பார்க்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.