தோற்கிறவருக்கு என்ன குறைச்சல்

பதினாறு வருஷமாக அவன் தோற்றுக்கொண்டிருக்கிறான். ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. ஜெயிப்பதற்காக யாரும் அவனுக்குச் சம்பளம் கொடுக்கவும் இல்லை. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற ரெஸ்லிங்கில் யார் ஜெயிப்பது என்பது ரிங்குக்குள் ஏறும் முன்பே முடிவாகிவிடும். ரெண்டு பேரும் முழு எலும்போடு இறங்குவார்களா என்பதுதான் கடைசி வரை முடிவாகாது. அதை அவன் பார்த்துக்கொள்வான். சக வீரர்கள் வைத்த பெயர் மெத்தை. புதிதாக வருகிற எந்த மலைமாட்டையும் முதலில் அவனோடுதான் மோதவிடுவார்கள். இதுவரை அவனோடு மோதிய யாருக்கும் சுண்டுவிரல்கூடப் பிசகியதில்லை. அதில் அவனுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

மாமியாருக்குத்தான் அது எட்டவில்லை. ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நோயாளிகளைக் கட்டிலுக்கும் ஸ்ட்ரெச்சருக்குமாகத் தூக்கி ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஏதோ கம்பெனியில" என்று பேச்சை மாற்றிவிடுவார். அடி வாங்குவதை ஒரு வேலை என்று சொல்ல நாக்கு கூசியது. மகள் கெஞ்சிக் கூத்தாடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரை முதல் வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்தாள். ஆயிரம் பேர் கூடி ஏசுவதெல்லாம் மெத்தைக்குத் தூசு. அத்தை வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்துவிடாதா என்று மட்டும் ஏங்கினான்.

அன்றைக்கு எதிரில் ஒரு புதியவன். நூற்று முப்பது கிலோ, முதல் போட்டி, உள்ளங்கையெல்லாம் வியர்வை. கடைசியில் அவன் மெத்தையைத் தலைக்கு மேல் தூக்கி எறிய வேண்டும். மெத்தை அவன் மணிக்கட்டை அழுத்தினான். தயார் என்று அர்த்தம். துள்ளி மேலே போனான். உச்சிக்குப் போன நேரத்தில் கீழே புதியவனின் முழங்கால் மடங்கியது.

அப்படியே சரிந்தால் ரெண்டு பேர் பாரமும் அந்த ஒற்றைக் காலில் இறங்கும், கால் அவ்வளவுதான். மெத்தை அவன் தோளை உந்தி விலகி, மோவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு, முதுகால் ரிங்கின் பலகைத் தரையில் விழுந்தான். விழும்போதே அவன் கையை இழுத்துத் தன் மேலேயே சாய்த்துக்கொண்டான். மெத்தையின் தோள் தரையில் கிடக்க, நடுவர் மூன்று எண்ணி ஆட்டத்தை முடித்தார். கூட்டம் புதியவனுக்காகக் கூரை அதிரக் கத்தியது.

"அண்ணே, கால் நல்லாருக்கு" என்றான் புதியவன், அழுதுவிடுகிற குரலில்.

"சிரிடா. ஜெயிச்சிருக்கே."

உடை மாற்றும் அறையில் மெத்தை விலாவில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தான். மாமியார் நேரே வந்து ஐஸ் பையை விலக்கி, ஒவ்வொரு எலும்பாக அழுத்திப் பார்த்தார்.

"முறியல. நல்லா மூச்சு விடுங்க மாப்பிள்ளை." பிறகு, "அவன் உங்களைத் தூக்கல. நீங்களாத்தான் மேல போனீங்க."

"ஆமா அத்தை."

"முப்பது வருஷம் ஆளைத் தூக்கினவளுக்கு அது தெரியாதா? முட்டி மடங்கினதும் அவனைப் பதமா இறக்கிட்டீங்க. அதை ஆஸ்பத்திரியில நாங்க நாலு பேர் சேர்ந்து செய்வோம்."

மெத்தை சந்தோஷத்தில் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

வாசலில், பக்கத்து இருக்கையில் இருந்த பெண் மாமியாரைப் பிடித்துக்கொண்டாள். "அந்தத் தோத்தவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

பையோடு பின்னால் வந்துகொண்டிருந்த மெத்தை அப்படியே நின்றுவிட்டான். மாமியார் பேச்சை மாற்றவில்லை. வெளியேறுகிற வரிசையே திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தினார்.

"என் மாப்பிள்ளை. தோக்கிறதுதான் அவருக்கு வேலை. அவர் ஒழுங்கா தோத்ததாலதான் ஜெயிச்சவன் நடந்து வீட்டுக்குப் போறான்."