ஜன்னலுக்குக் கீழே தேய்ந்த கல்

எனக்கு எழுத்துத் தெரியாது, சுவர் தெரியும். இருபது வருடம் சித்தாளாகச் சாந்துச் சட்டி சுமந்தவள். இப்போது தோஹாவில், நஜ்மா பகுதியில், மூன்றாம் மாடியில் மகளோடு இருக்கிறேன். கீழே பரோட்டா தட்டும் சத்தம் கேட்டாலே இறங்கிப் பார்க்கத் தோன்றும். ஓரிடத்தில் உட்கார வராது எனக்கு.

மகள் கம்ப்யூட்டரில் வீடு வரைகிறவள். அந்த மாதம் வரைந்தது இங்கிலாந்துக் கிராமத்தில் பாதிரியார்கள் குடியிருந்த பழைய வீடு. யாரோ வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். அங்கே அளந்து, போட்டோ எடுத்து அனுப்புவார்கள். இவள் இங்கிருந்து வரைவாள். முன்பக்கம் வழவழவென்று செங்கல், பின்பக்கம் முரட்டுக் கல். பின்பக்கம்தான் மூத்தது. பிறகு வந்த ஒரு பாதிரியாருக்குப் பதினொரு பிள்ளைகளாம். இடம் போதாமல் முன்னால் கட்டிச் சேர்த்திருக்கிறார். நான் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது. கூரையில் மூன்று புகைபோக்கி. எண்ணி வைத்துக்கொண்டேன்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. இங்கே டவர் வரைந்து பழகிய கை, அந்தக் கோணல் சுவர்களையெல்லாம் நேராக்கிவிட்டது. வரைபடம் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. மூன்றாம் முறையும் வந்தால் வேலை உறுதியாகாது, விசாவும் கலாஸ், அதோடு முடிந்தது என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

வியாழக்கிழமை அனுப்ப வேண்டும். முதல் நாள் சாயங்காலம் பக்கச்சுவரில் அடைத்துப் பூசிய ஒரு ஜன்னலைக் காட்டினாள். அதன் கீழே தரையில் ஒரு கல், நடுவில் குழி விழுந்து.

“ஏத்தா, ஜன்னலுக்கு எதுக்குப் படிக்கல்லு?”

“அளந்தவங்க ஜன்னல்னுதாம்மா எழுதியிருக்காங்க.”

“அளந்தவன் கால் பட்டா அது தேஞ்சுச்சு? ஊர்ச்சனம் ஏறி எறங்குன கல்லு. அது வாசல்.”

பெரிய வீடுகளில் வேலைக்குப் போனால் எங்களுக்குப் பக்கவாட்டு வாசல்தான். அங்கேயும் சாவு சொல்ல, கல்யாணம் சொல்ல வருகிறவர்கள் கூடத்துக் கம்பளத்தை மிதிக்காமல் பாதிரியாரிடம் போக ஒரு வழி வேண்டியிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய படிப்பறைதான் என்று மகளே பார்த்துச் சொன்னாள். இருந்தும் யோசித்தாள். ஜன்னல் என்று விட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. கடைசியில் வாசல் என்றே போட்டு அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை பதில் இல்லை. சனி, ஞாயிறு அவர்களுக்கு லீவு. ஞாயிறு நமக்கோ டூட்டி. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். துவைத்துக் காய்ந்த துணியை மறுபடி துவைத்தேன். படித்தவள் பிழைப்பில் வாயை வைத்துவிட்டோமே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவள் அரைச் சோற்றோடு எழுந்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மத்தியானம் பதில் வந்தது. பூச்சைச் சுரண்டிப் பார்த்தார்களாம். உள்ளே துருப்பிடித்த கதவுக் கீல். வரைபடம் சரி, வேலையும் உறுதி. மகள் தட்டை எடுத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்தாள்.

திரையில் அந்த வீடு உள்ளும் புறமும் முழுசாகத் தெரிந்தது. விரல் விட்டு எண்ணினேன். கூரையில் புகைபோக்கி மூன்று. ஒவ்வொன்றுக்கும் கீழே ஓர் அடுப்பு இருக்க வேண்டும். இவள் வரைந்திருந்த அடுப்பு இரண்டுதான்.

சாப்பிட்டு முடிக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினேன்.