மச்சானுக்கு வாங்கிய துண்டு

போன ஞாயிற்றுக்கிழமை தேனி பஸ் ஸ்டாண்டில் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கோம்பை பஸ் நுழைந்ததும் கூட்டம் பாய்ந்தது. நானும் பாய்ந்தேன். கையில் இருந்த துண்டை ஜன்னல் வழியாக சீட்டில் எறிந்தேன். இடம் பிடித்தாயிற்று!

திரும்பினால், மனைவி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். "அய்யய்யோ... அது எங்கண்ணனுக்கு வாங்குன துண்டுங்க!"

விஷயம் இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் புது வீடு குடிபுகுந்தபோது, மச்சானுக்குப் போடவேண்டிய முதல் துண்டை என் ஆபீஸ் மேனேஜருக்குப் போட்டுவிட்டேன். சாப்பிடாமல் கிளம்பிப் போனவர்தான் மச்சான். அதற்கப்புறம் பேச்சே இல்லை. இப்போது மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடி இல்லாமல் எங்கே உட்கார வைப்பது? மேனேஜர் மடியிலா?

துண்டுக்கு ஏன் அந்தப் பெயர் என்று பெரியகுளத்து வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். தறியில் நீளமாக நெய்ததைத் துண்டித்து எடுப்பதால் துண்டு, ஐயா. துணித்து எடுப்பதால் துணி. வேட்டிகூட வெட்டுவதிலிருந்து வந்தது என்பார்கள். உடுத்துகிற எல்லாவற்றிலும் ஒரு கத்தி இருக்கிறது! அப்படிப்பட்ட ஒன்றைக் கொண்டுதான் மச்சானைச் சமாதானப்படுத்தக் கிளம்பியிருந்தேன்.

கோம்பையில் மச்சான் தங்கையை மட்டும் பார்த்து "வாத்தா" என்றார். நான் துண்டை அவர் தோளில் போட்டேன். முனையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளங்கை அகலத்துக்கு கிரீஸ் கறை.

"பஸ்ஸுல எடம் போட்டீகளா மாப்ள?"

பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமா மச்சான்... ஒங்க தங்கச்சி நின்னுக்கிட்டே வரக் கூடாதுன்னு..."

மச்சான் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. காதுகுத்துப் பேச்சை மனைவி இரண்டு தடவை எடுத்தாள். "பாப்போம்" என்றார், அவ்வளவுதான்.

சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தார். பஸ்ஸில் ஒரே கூட்டம். நான் முண்டியடிப்பதற்குள் மச்சான் ஓடினார். தோளில் கிடந்த துண்டை உருவி ஜன்னல் வழியாக வீசினார். "ஆத்தா, ஏறி ஒக்காரு!"

பஸ் நகர்ந்தது. "அண்ணே, துண்டு!" என்று கத்தினாள் மனைவி.

"வச்சிரு! காதுகுத்துக்கு வந்து வாங்கிக்கிறேன். மாப்ள... மொதல்ல எனக்குப் போடணும். தொவச்சுப் போடுங்க!"

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

துண்டைத் துவைத்துக் கொடியில் போட்டாயிற்று. மேனேஜருக்கு இந்தத் தடவை பத்திரிகையோடு சரி!