முதலாளி சொல்லிக்கொடுத்த பாராட்டு

அக்காவின் கன்னத்தில் விழுந்த அடியின் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தீபாவளி நேரம். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நாங்கள் வேலை பார்த்த புடவைக் கடையில் நிற்க இடமில்லை. என்னோடு வேலை பார்த்த அந்த அக்கா, முதலாளி எடுத்துக்கொடுத்த வேலை பெர்மிட்டில் ஊரிலிருந்து வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கல்யாணப் பெண் ஒருத்தியின் தோளில் அரக்குப் பட்டை விரித்துப் போட்டு, கண்ணாடி முன் நிறுத்தி, “ரொம்ப செக்ஸியா இருக்கீங்கம்மா” என்றார். பக்கத்தில் அவளுடைய வருங்கால மாமனார். பெண்ணின் அண்ணன்காரன் ஓங்கி அறைந்தான். அக்கா புடவை அடுக்கின் மேல் போய் விழுந்தார். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. “யார் வீட்டுப் பொண்ணைப் பார்த்து என்ன பேசற?” என்று மறுபடி கையை ஓங்கியவனைப் பிடித்து இழுத்தார்கள். முதலாளி ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். யாரிடம் என்கிறீர்கள்? அடித்தவனிடம்தான்.

பின்கட்டில் உதட்டில் ஐஸ் ஒற்றிக்கொண்டே, “அழகா இருக்கீங்கன்னுதானேடி சொன்னேன்?” என்றார் அக்கா. நான் இங்கேயே மார்சிலிங்கில் பிறந்து வளர்ந்தவள், தெரிந்ததைச் சொன்னேன். உடலுறவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லில் ஒரு வாலை ஒட்டிச் செய்த சொல் அது. முதலில் அந்தச் சமாசாரம் சம்பந்தப்பட்ட எதையும் அப்படித்தான் சொன்னார்கள். அப்புறம்தான் ஆசையைக் கிளப்பும் ஆளைச் சொல்ல வந்தது. “இப்பல்லாம் காரு, ஃபோனைக்கூட அப்படிச் சொல்றாங்க லா. கூட்டாளிங்க நாங்களும் சொல்லிக்குவோம். யாரு யாரைச் சொல்றாங்கங்கிறதுலதான் இருக்குக்கா.”

அக்கா ஐஸைக் கீழே வைத்தார். “அப்ப தினமும் காலையில முதலாளி என்னை அப்படித்தான் சொல்றாரா?”

அதை இங்கிலீஷ் பாராட்டு என்று நம்பி, தினமும் சிரித்தபடி “தேங்க்யூ சார்” சொல்லிவந்தார் அந்த அப்பாவி மனுஷி. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும், “விட்டுடுங்கக்கா, பெர்மிட் அவர் கையில இருக்கு” என்றேன். ஊரில் இரண்டு பிள்ளைகள் அக்காவின் சம்பளத்தில்தான் படித்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் முதலாளி வந்தார். வீங்கிய உதட்டைப் பார்த்து இளித்தார். “இப்பவும் செக்ஸியாத்தான் இருக்க.” அக்கா துணி அளக்கும் இரும்புக் கோலை எடுத்தார். முதல் அடி தோளில். அடுத்தது முகத்தில். மூக்கு உடைந்து, மனுஷன் கல்லாவுக்கு அடியில் சுருண்டுகொண்டார். அக்கா கை ஓயும்வரை அடித்தார். நாங்கள் யாரும் தடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், எரிந்த வயிறு குளிர்ந்தது.

போலீசுக்குப் போனால் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்குமே, முதலாளி போகவில்லை. பெர்மிட்டை ரத்து செய்து அக்காவை விமானம் ஏற்றிவிட்டார். அக்காவின் பெரிய பையன் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போவதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

முதலாளி இப்போது எங்கள் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்.