சுவருக்கு வெளியே ஒரு ராக் கச்சேரி: மெட்டுகுடாவிலிருந்து ராய்துர்க் வரை, அப்பாவுக்குத் தெரியாமல்

இதைப் போர்வைக்குள் உட்கார்ந்து அம்மாவின் போனில் எழுதுகிறேன். திரை வெளிச்சத்தை முடிந்த மட்டும் குறைத்திருக்கிறேன். பக்கத்து அறையில் அப்பா இன்னும் தூங்கவில்லை, இருமல் கேட்கிறது. பதிவு பாதியில் நின்றிருந்தால் காரணத்தை நீங்களே புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அடுத்த வாரம் அதே குழு பெங்களூருக்குப் போகிறது. டிக்கெட் வாங்க வழியில்லாத இரண்டு பேர் சென்ற பதிவின் கீழே, "சுவருக்கு வெளியே நின்று கேட்கலாமா? பெண்கள் தனியாகப் போகலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். இன்று சனிக்கிழமை, நான் போய்விட்டு வந்தேன். நாளைக்கு எழுத முடியுமா என்று தெரியாது.

குழுவின் பெயரைச் சொல்ல மாட்டேன். தேடுகிறவர்கள் இங்கே வந்து சேர்ந்துவிடுவார்கள். நான்கு பேர், எல்லோருக்கும் எழுபது தாண்டிவிட்டது, பாடகருக்குச் சொந்தத்தில் ஒரு தீவே இருக்கிறதாம். இவ்வளவு சொன்னாலே உங்களுக்குத் தெரியும். எங்கள் ரயில்வே குடியிருப்பில் அவர்களுக்குப் 'பெருசுங்க' என்று பெயர். தமிழில் எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இது தெலுங்கு ஊர், என் வகுப்பில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை.

அப்பா ரயில்வே பணிமனையில் ஃபிட்டர். கல்யாணத்துக்கு முன்பு அவரும் பணிமனை நண்பர்களும் பெருசுங்க இந்தியாவுக்கு வந்தபோதெல்லாம் ரயில்வே பாஸ் எடுத்துக்கொண்டு பம்பாய், பெங்களூர் என்று போவார்கள். டிக்கெட் வாங்க மாட்டார்கள், மைதானத்துச் சுவருக்கு வெளியே நின்று கேட்பார்கள். அன்றைக்குக் காசு இல்லை, அதனால் நின்றார்கள். இன்றைக்குச் சிலர் சொந்த ஃபிளாட் வாங்கிவிட்டார்கள், இப்போதும் வெளியேதான் நிற்கிறார்கள். டியூட்டியில் மாட்டிக்கொண்டு வர முடியாதவருக்கு, முக்கியமான பாட்டு வரும்போது போன் போட்டுச் சுவர்மேல் தூக்கிப் பிடிப்பது வழக்கம். "தீவு வாங்கிக்கட்டும், கப்பல் வாங்கிக்கட்டும், அந்தப் பாட்டு மட்டும் நம்மளுது" என்பார் அப்பா.

இந்த முறை பெருசுங்க எங்கள் ஊருக்கே வந்தார்கள். அப்பா போகவில்லை. எனக்கு நுழைவுத் தேர்வு வருஷம் என்று டேப் ரெக்கார்டரைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். "அவ படிக்கறப்போ நான் மட்டும் பாட்டு கேட்டுன்னு சுத்தறதா?" என்றார் அம்மாவிடம். என்னிடம் சொன்னது வேறு. "கோச்சிங் விஷயத்துல ஒரே ஒரு பொய் சொல்லு, மறுநாளே அரக்கோணத்துல அத்தை வூட்ல இருப்பே. அங்க எதுனா காலேஜ்ல சேந்துக்கோ." அப்பா சும்மா சொல்பவர் இல்லை. என் அண்ணனின் பைக்கை ஒரு பொய்க்காக விற்றவர்.

எனவே நான் பயந்துகொண்டேதான் போனேன். அதைத் தெரிந்துகொண்டு மேலே படியுங்கள்.

பயண விவரம். இன்று மூன்று மணிக்கு அமீர்பேட்டில் எனக்கு மாதிரித் தேர்வு, அதன் பிறகு எட்டரை வரை விடை விளக்க வகுப்பு. ஒன்பது மணிக்கு மெட்டுகுடா மெட்ரோ படிக்கட்டின் கீழே அப்பா ஸ்கூட்டரோடு நிற்பார். தேர்வு நாட்களில் அம்மா தன் போனை என்னிடம் கொடுத்தனுப்புவாள். மதியம் இரண்டு பத்துக்கு நீல வழித்தட ரயிலில் ஏறினேன். இதில் ஒரு வசதி உண்டு. அமீர்பேட்டுக்கும் ராய்துர்க்குக்கும் ஒரே ரயில்தான், மாற வேண்டியதில்லை. இறங்காமல் உட்கார்ந்திருந்தால் போதும்.

அந்த உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம். அமீர்பேட்டில் கதவு திறந்தது. என் வகுப்புப் பையன்கள் முதுகுப்பையோடு இறங்கினார்கள். அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, துப்பட்டாவை முகத்துக்குச் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தேன். கதவு மூடும் மணி அடித்தது. அதற்குப் பிறகு வந்த நிலையங்களின் பெயர்கள் எதுவும் நினைவில் இல்லை. ராய்துர்க் வரை மொத்தம் நாற்பது நிமிடம், கட்டணம் அறுபது ரூபாய் இருந்தால் போதும்.

வெளியே இருந்து மைதானத்துக்கு ஷேர் ஆட்டோ முப்பது ரூபாய். ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "டிக்கெட் ஹை க்யாம்மா?" என்றார். இல்லை, பின்பக்கம் சுவர்கிட்ட விடுங்க என்று இந்தியில் சொன்னேன். "ஓ, தீவார் பார்ட்டி!", சுவர்க்கூட்டமா என்று சிரித்து, இந்தியிலேயே தொடர்ந்தார். "காலைலேந்து உங்காளுங்கதான். எல்லாம் தாத்தாங்க. நீ ஒருத்திதான் சின்னப் பொண்ணு." அவர் சிரிப்பு எனக்குத் தைரியம் தரவில்லை. தனியாகத் தெரிகிறேன் என்பதுதான் எனக்குக் கேட்டது.

மூன்றேகால் மணிக்கு, ஆட்டோவிலிருந்து இறங்கும்போது போன் அதிர்ந்தது. கோச்சிங் மையத்தின் செய்தி: 'உங்கள் மகள் இன்று தேர்வுக்கு வரவில்லை.' எதிர்பார்த்ததுதான். அழித்துவிட்டு, யாரும் கூப்பிடாமல் இருக்கப் போனையும் அணைத்துவிட்டேன். அம்மாவின் எண் மட்டும்தான் அவர்களிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இடம் பற்றி. மைதானத்தின் பின்சுவரை ஒட்டி, இந்த ஊருக்கே உரிய பெரிய பெரிய பாறைகள். மேலே ஏறினால் மேடையின் மேல்விளிம்பும் விளக்குக் கம்பமும் தெரியும், பாடுகிறவர்கள் தெரிய மாட்டார்கள். நாலு மணி வெயிலில் பாறை தோசைக்கல் போல இருக்கும், உட்கார ஏதாவது எடுத்துப் போங்கள். ஐந்து மணிக்குள் இருநூறு பேராவது சேர்ந்துவிட்டார்கள். நரைத்த குடுமிக்காரர்கள், சாயம் போன டி-ஷர்ட்டுக்குள் அடங்காத தொப்பைகள், டிபன் கேரியர் கொண்டுவந்த குடும்பங்கள். வாசல் பக்கம் நூறு ரூபாய் தண்ணீர், இங்கே ஒருவர் பானையிலிருந்து சும்மா ஊற்றிக்கொடுத்தார்.

கச்சேரி தொடங்கும்வரை வெளிக்கூட்டம் தானே பாடும். அப்படித்தான் நான் மாட்டினேன்.

ஒரு சின்ன விளக்கம். அந்த முக்கியமான பாட்டை நாங்கள் மழைப் பாட்டு என்போம். அப்பாவிடம் இருந்த கேசட்டை ஒருமுறை ரெக்கார்டர் தின்றுவிட்டது. கசங்கிய நாடாவை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு முனைகளையும் செல்லோடேப் வைத்து ஒட்டினார். இரண்டாவது சரணம் முழுக்கப் போய்விட்டது. முதல் சரணம் முடிந்ததும் 'டக்' என்று பல்லவி வந்துவிடும். குடியிருப்பில் எல்லோரும் பதிவு செய்துகொண்டது அந்த ஒரே கேசட்டிலிருந்துதான். ஒட்டின கதையெல்லாம் எனக்கு இன்றுதான் தெரிந்தது, அந்தப் பாட்டே அப்படித்தான் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

கூட்டம் மழைப் பாட்டை எடுத்தது. முதல் சரணம் முடிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு பல்லவியைப் பிடித்தேன். சுற்றிலும் எல்லோரும் வேறு ஏதோ வரிகளைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கீழே வலது பக்கம் ஒரு பத்துப் பேர் மட்டும் என்னோடு சேர்ந்து முந்தியிருந்தார்கள். அவர்கள் அத்தனை பேரும் திரும்பி மேலே பார்த்தார்கள்.

"ஏய், யார்ரா அது? நம்ம கேசட்டு!" என்றார் ஒரு அம்மாள். ஐம்பது வயசிருக்கும், ஆண்கள் போடுகிற கைக்கடிகாரம், காலில் ஷூ. பாறையில் விறுவிறுவென்று ஏறி என்னிடம் வந்தார். "எந்த ஊட்டுப் பொண்ணு நீ?"

"போலாரம்."

"நக்கோம்மா, பொய் வேணாம். போலாரத்துல நானே பத்து வருஷமா கீறேன். அங்க இந்த வெட்டு கெடையாது. இது மெட்டுகுடா வெட்டு." துப்பட்டாவை விலக்கிப் பார்த்தார். "ஹவ்! செல்வராஜண்ணன் மூக்கு! அப்பன் வர்ல, பொண்ணு வந்துகீது. கைக்கு, ஏன் இப்டி தனியா வந்தே?"

அவர் ஸ்டெல்லா ஆன்ட்டி. அப்பாவோடு பணிமனையில் வேலை பார்த்தவர். நான் அழுதுவிட்டேன். அப்பாவிடம் சொன்னால் அரக்கோணம்தான் என்றேன். அவர் என் துப்பட்டா நுனியால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். பிறகு, "சொல்ல மாட்டேன். ஆனா உன்ன வுட்டுட்டும் போ மாட்டேன். மெட்டுகுடா வரிக்கும் என்கூடத்தான் வரே. இதுக்கு ஒத்துக்கிறியா?" என்றார். ஒத்துக்கொண்டேன்.

ஆறரைக்குக் கச்சேரி தொடங்கியது. சுவருக்கு வெளியே சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். கிடாரும் டிரம்ஸும் நெஞ்சில் அடிக்கும், குரல் காற்றைப் பொறுத்து வந்து வந்து போகும். உயரமான பாட்டுகளில் பாடகருக்கு மூச்சு எட்டவில்லை. எட்டாத இடங்களில் எல்லாம் வெளிக்கூட்டம் பாடித் தாங்கியது. "உள்ள இருக்கறவன் போன்ல படம் புடிப்பான். கெழவனுக்கு மூச்சு வாங்கறப்ப எடுத்துக் குடுக்கறது நம்மதான்" என்றார் ஸ்டெல்லா ஆன்ட்டி. "அவ்ளோ பணக்காரங்க ஆன்ட்டி, அவங்களுக்கு நம்ம எதுக்கு?" என்றேன். "பணத்துக்கா தொண்டை இருக்கு?" என்றார்.

ஏழே முக்கால் ஆகியும் மழைப் பாட்டு வரவில்லை. எட்டுக்குள் கிளம்பாவிட்டால் ஒன்பது மணிக்கு மெட்டுகுடாவில் இருக்க முடியாது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அப்போதுதான் அந்தப் பாட்டின் முதல் கிடார் சத்தம் வந்தது. அதே நேரம் ஆன்ட்டியின் போனும் அடித்தது.

திரையில் அப்பாவின் பெயர்.

"ஸ்டெல்லா, மழைப் பாட்டு வந்துச்சா?"

"இப்பத்தாண்ணே எடுக்கறான். இரு, தூக்கிப் புடிக்கறேன்." என்னைப் பார்த்து வாயில் விரலை வைத்துக் காட்டிவிட்டு, ஸ்பீக்கரைப் போட்டார்.

அப்பாவின் குரலுக்குப் பின்னால் சத்தமாக இருந்தது. பஸ் ஹாரன். யாரோ ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான்: "ஜாவா, பைத்தான், டெமோ ஃப்ரீ! ஜாவா, பைத்தான்!" வாரா வாரம் கையில் கம்ப்யூட்டர் வகுப்பு நோட்டீஸைத் திணிக்கிற அந்தக் குரலை எனக்குத் தெரியும். அமீர்பேட் மெட்ரோவின் கீழே நிற்பவன்.

அப்பா வீட்டில் இல்லை. என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு ஏதாவது பொய் யோசிக்கலாம். வயிற்றுவலி, தோழி வீடு, எதுவோ. ஆனால் அந்த ஒரு மணி நேரமும் அவர் அங்கே ஒவ்வொரு சந்தாகப் போய்க்கொண்டிருப்பார். ஹாஸ்டல் வாசல்களில் என் போட்டோவைக் காட்டிக்கொண்டு நிற்பார். முதல் சரணம் முடியப் போனது. போனுக்குக் கிட்டே போனேன். வெட்டு வரும் இடத்தில், என்னால் முடிந்த சத்தத்தில், பல்லவிக்கு முந்தினேன்.

ஸ்டெல்லா ஆன்ட்டி என்னை முறைத்தார். போனில் அப்பா பாடவில்லை. ஜாவா பைத்தான் மட்டும் கேட்டது.

"போதும் ஸ்டெல்லா. கேட்டுச்சு," என்றார். பாட்டு முடியும் முன்பே வைத்துவிட்டார். மழைப் பாட்டை அப்பா பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

திரும்பும் ரயிலில் ஆன்ட்டி என் கையை விடவில்லை. "பைத்தியமாடி நீ? காப்பாத்தலாம்னு பாத்தேன்ல" என்று இரண்டு முறை சொன்னார். ஒன்பது பத்துக்கு மெட்டுகுடா. படிக்கட்டின் கீழே அப்பா நின்றிருந்தார். சட்டை முதுகு முழுக்க வியர்வை. ஆன்ட்டியைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். என்னிடம் ஹெல்மெட்டை நீட்டினார்.

குடியிருப்பு வளைவு வந்தது. அங்கே வண்டியை ஓரமாக நிறுத்தினார். திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"மெசேஜு மூணேகாலுக்கு எனக்கும் வந்துச்சு."

ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.

"என் பொண்ணு அங்க கீறாளான்னு ஸ்டெல்லாவாண்ட எப்டிக் கேக்கறது? பொண்ணு எங்க கீறான்னு தெரியாத அப்பன்னு நானே சொல்லிக்கறதா? அதான் பாட்டக் கேட்டேன். நீ மட்டும் வாயத் தெறக்கலன்னு வெய்யி, நேரா போலீஸ் ஸ்டேஷன்தான். போட்டோகூட பாக்கெட்ல வெச்சிருந்தேன்."

வண்டியை மறுபடி கிளப்பினார். வீட்டில் அம்மாவிடம், "ரயில் லேட்டு" என்று மட்டும் சொன்னார். அரக்கோணம் பற்றிப் பேசவில்லை. பேசவில்லை என்பதால் அது போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை.

பெங்களூர் போகிறவர்களுக்கு: ஐந்து மணிக்குள் போய்விடுங்கள். தண்ணீர், உட்கார ஒரு துண்டு, திரும்பி வர வேண்டிய ரயிலின் நேரம், மூன்றும் கையில் இருக்கட்டும். இருட்டிய பிறகு கூட்டத்தை விட்டு விலகி நிற்காதீர்கள். சுவர்க்கூட்டம் நல்ல கூட்டம், ஆனால் அதைத் தாண்டினால் வெறும் பாறைதான். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள். நான் சொல்கிறேனே என்று சிரிக்காதீர்கள். இரண்டாவது சரணத்தில் என்ன வரிகள் என்று யாருக்காவது

கொஞ்சம் நிறுத்தினேன். ஸ்டூலை இழுக்கிற சத்தம். போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டேன். என் கதவு திறக்கவில்லை. பரணில் ஏதோ நகர்ந்தது. இப்போது மிக மெதுவாக, அம்மா எழுந்துவிடாத அளவுக்கு, மழைப் பாட்டு. கேசட்தான், நாடா இழுக்கிறது. வெட்டு வரப்போகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.