மூன்றாம் மாடியில் இறங்கிய சட்டம்

முப்பத்தொரு வருடம் அவர் நீதிமன்றக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டினார். அதற்குள் மொத்தச் சட்டமும் தன் காதில் விழுந்துவிட்டதாக ஒரு நினைப்பு. விழுந்ததென்னவோ, கீழ்த்தளத்தில் ஏறிய வக்கீல்கள் தங்கள் மாடி வருவதற்குள் பேசிய அரைகுறைப் பேச்சுதான். பாக்கியை அவர்கள் வராந்தாவில் நடந்தபடி பேசினார்கள். இங்கே கதவு மூடியிருக்கும். அந்தப் பாக்கியை இவரே இட்டு நிரப்பிக்கொள்வார்.

ஓய்வு பெற்ற பிறகு தெருவில் அவருக்கு 'ஜட்ஜய்யா' என்று பெயர். அது கிண்டல் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியாது. வாடகைத் தகராறோ சுவர்த் தகராறோ, கூப்பிடாமலே போய் நிற்பார். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "இதுல ஒரு பாயின்ட் இருக்கு" என்பார். அந்தப் பாயின்டை நம்பிய சைக்கிள் கடைக்காரர் கடையைக் காலி செய்ததுதான் மிச்சம்.

மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். கணவர் சட்டம் பேச ஆரம்பித்தால் மிஷினை வேகமாக மிதிப்பார். சத்தத்தில் பாதி அமுங்கிவிடும்.

மனைவியின் அண்ணன் பக்கத்து மாநிலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். பிள்ளை இல்லை. அவர் மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு கடையை விற்றுவிட்டு வந்து, இங்கே ஒரு சின்ன வீடு வாங்கி, தங்கையையும் மாப்பிள்ளையையும் கூடவே வைத்துக்கொண்டார். பெட்டியில் ஒரு உயிலும் வந்தது. அங்கேயே சாட்சிகள் வைத்து எழுதியது. தன் காலத்துக்குப் பிறகு தனக்குள்ளதெல்லாம் தங்கைக்கு. பல வருடமாக எட்டிக்கூடப் பார்க்காத தம்பிக்கு ஒன்றுமில்லை.

அதைப் பார்த்ததும் ஜட்ஜய்யாவுக்குக் கை அரித்தது.

"மச்சான், இது அந்த ஸ்டேட் பேப்பர். இங்க செல்லாது."

"சாட்சியெல்லாம் போட்டிருக்கே மாப்பிள்ளை?"

"சாட்சியும் அங்கதான இருக்கான்? வேற ஸ்டேட்டுக்குக் குடி போயிட்டா பழைய உயிலை என்ன செய்யணும்னு, நம்ம லிஃப்ட்ல ஒரு பெரிய வக்கீலே சொன்னாரு. என் காதால கேட்டேன்."

மனைவி மிஷினை நிறுத்தினார். "முழுசா கேட்டீங்களா?"

"மூணாவது மாடி வந்துருச்சு, இறங்கிட்டாரு. வேற என்ன சொல்லிருப்பாரு? கிழிச்சுப் போடுன்னுதான்!"

"புதுசு எழுதிட்டு அப்புறமா கிழிங்களேன்."

"நீ ஊசியில நூலக் கோரு. சட்டத்த நான் பாத்துக்கறேன்."

அண்ணன் நல்ல மனிதர். யார் அடித்துப் பேசினாலும் நம்பிவிடுவார். "சரி, கிழிச்சிருங்க மாப்பிள்ளை" என்றார். அவர் கண் முன்னாலேயே நாலாகக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார் ஜட்ஜய்யா.

புதிய உயிலுக்கு வக்கீல் எதற்கு, தண்டம்! தானே எழுத உட்கார்ந்தார். வரிக்கு நாலு 'மேற்படி' போட்டார். அடித்தார், திருத்தினார், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு வாசித்தும் காட்டினார். கையெழுத்து வாங்கும் கட்டம் மட்டும் வரவேயில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முகத்தில் பாதி சோப்பு நுரையோடு அண்ணன் சரிந்து விழுந்தார். அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்து மனைவி ஒரு வக்கீலம்மாவைத் தேடிப் போனார். கணவரும் கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டார்.

"ஒழுங்கா எழுதின உயில், ஸ்டேட் மாறிட்டா மட்டும் செத்துப்போகாதும்மா," என்றார் வக்கீலம்மா. "அங்க ஒரு சட்டம் இங்க ஒரு சட்டம் இருக்கலாம், எதுக்கும் ஒரு தடவ வக்கீல்கிட்ட காட்டிப் பாத்துக்கங்கன்னு சொல்வோம். அவ்வளவுதான். எங்க அது?"

மனைவி கணவரைப் பார்த்தார்.

"நான்தான் கிழிச்சேன். ஆனா மச்சான் சொல்லித்தான், அவர் முன்னாடியேதான்," என்றார் ஜட்ஜய்யா, வழக்கையே ஜெயித்துவிட்டவர் போல.

"அதாங்க உயிலை ரத்து பண்றது! ஊர் மாறினதுல அதுக்கு ஒரு கேடும் வரல, நீங்க கிழிச்சதுலதான் வந்துச்சு." வக்கீலம்மா மனைவி பக்கம் திரும்பினார். "உயில் இல்லன்னா உங்க தம்பிக்கும் வீட்டுல சரிபாதிம்மா."

"இதுல ஒரு பாயின்ட்..."

"மூணாவது மாடி வந்துருச்சு," என்றார் மனைவி. "இறங்குங்க."

வியாழக்கிழமை காலை தம்பி புரோக்கரோடு வீட்டை அளக்க வருகிறார். மிஷின் கிடக்கும் முன்னறையிலிருந்துதான் ஆரம்பிப்பார்களாம்.